குளிர்காலத்தில் 24 நாள் வெளிநாட்டில்: கடன் வாங்கலாமா, டெபாசிட்டை முறிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 66, எனக்கு 61. இருவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். மாத ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்குப் போதுமானதாக இருக்கிறது, சிறிது மிச்சமும் ஆகிறது. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் ஒரு குளிர்காலத்தை அவசரமில்லாமல் கழிக்க வேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் ஆசை. இன்னும் மூன்று மாதத்தில், டிசம்பர் கடைசியில் புறப்படும் பன்னிரண்டு நாள் சுற்றுலா ஒன்றை எங்கள் மகன் பார்த்து வைத்திருக்கிறான். அதில் ஐந்து நகரங்கள் உண்டு. பணத்தை மாதத் தவணையில் கட்டலாம். அல்லது அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் முதிர்வடையும் வங்கி டெபாசிட்டை இப்போதே முறிக்கலாம். கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், நன்றாக நடமாடுகிறார். எந்த வழியில் போவது? இந்த வயதில் இவ்வளவு செலவு செய்வது சரிதானா என்ற உறுத்தலும் எனக்கு இருக்கிறது.

பதில்: கடன் வாங்க வேண்டாம், டெபாசிட்டையும் முறிக்க வேண்டாம். பயணத்தை மட்டும் கைவிடாதீர்கள். ஓராண்டு தள்ளி, டிசம்பர் கடைசிக்குப் பதிலாக ஜனவரி இரண்டாம் வாரத்தில், பன்னிரண்டு நாளுக்குப் பதிலாக இருபத்து நான்கு நாள் போய் வாருங்கள் என்பதே என் யோசனை. நாட்களை இரட்டிப்பாக்கச் சொல்லிவிட்டுச் செலவை அடக்குவது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குச் செலவு எப்படிக் கூடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணச் செலவில் ஒரு பகுதி நாட்களைப் பொறுத்து மாறாதது. விமானக் கட்டணம், விசா, குளிருக்கான உடைகள் ஆகியவை பத்து நாள் தங்கினாலும் முப்பது நாள் தங்கினாலும் ஒன்றுதான். மற்றொரு பகுதி அன்றாடச் செலவு. இதை ஏற்றுவதும் இறக்குவதும் நீங்கள் எத்தனை முறை ஊர் மாறுகிறீர்கள் என்பதுதான். ஊர் மாறும் ஒவ்வொரு நாளிலும் ரயில் கட்டணம், பெட்டிகளோடு டாக்சி, வழியில் சாப்பாடு, அறை தயாராகும் வரை காத்திருக்கும் நேரம் என்று செலவு பெருகுகிறது; ஒரே வீட்டில் பத்து நாள் தங்கினால் இவை எதுவும் இல்லை, சமையலறை இருப்பதால் உணவுச் செலவும் குறையும், குளிர்காலத்தில் நீண்ட தங்கலுக்கு வாடகையைக் குறைத்துத் தரும் வீட்டுக்காரர்களும் கிடைப்பார்கள். விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்குப் போடுகிறேன். மாறாத செலவு 40 பங்கு என்றும், ஊர் ஊராக ஓடும் பயணத்தில் நாளொன்றுக்கு 5 பங்கு என்றும் வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நாளுக்கு மொத்தம் 100 பங்கு ஆகிறது. நிதானமாகத் தங்கி அன்றாடச் செலவை 3.5 பங்காகக் குறைத்தால், இருபத்து நான்கு நாளுக்கு மொத்தம் 124 பங்கு. அதாவது மொத்தச் செலவு நான்கில் ஒரு பகுதிகூட முழுதாகக் கூடாமல் நாட்கள் இரட்டிப்பாகின்றன. உங்கள் உண்மையான எண்களை இதே முறையில் நிரப்பிப் பாருங்கள். விகிதம் சற்று மாறலாம், போக்கு மாறாது. மகன் காட்டிய ஐந்து நகரத் திட்டம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் விரும்புவது நிதானம். அந்தத் திட்டம் தருவது ஓட்டம், அதுவும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஸ்பெயினில் பெரிய விடுமுறையான ஜனவரி 6 என்று விலைகள் உச்சியில் இருக்கும் நாட்களில். அந்த விடுமுறை முடிந்த பிறகு அறை வாடகை பெரும்பாலும் இறங்கிவிடும். பிப்ரவரியில் கார்னிவல் விழா நெருங்கும்போது சில ஊர்களில் மறுபடி ஏறும் என்பதால், அதற்கு முன் திரும்பிவிடுவது நல்லது.

நாடுகளை நீங்கள் நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். குளிர்காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. டிசம்பர் பிற்பகுதியில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. அதே நாளில் ஸ்பெயினின் தெற்குக் கடற்கரை நகரமான மலகாவில் சுமார் ஒன்பதரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும், ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 16, 17 டிகிரியைத் தொடும். போர்ச்சுகலிலும் தெற்கு ஸ்பெயினிலும் இது மழைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். லிஸ்பனில் ஐந்து இரவு, போர்ச்சுகலின் தெற்கே தவிராவில் ஆறு, ஸ்பெயினின் செவில்லில் மூன்று, மலகாவில் பத்து என்று நான் பிரிப்பேன். லிஸ்பனில் இறங்கி மலகாவிலிருந்து திரும்பும் வகையில் ஒரே பயணச்சீட்டாக எடுத்தால், விமானம் ஏறுவதற்காகவே லிஸ்பனுக்குத் திரும்பி வரும் செலவும் அலைச்சலும் மிச்சம். தவிரா பக்கத்திலிருந்து செவில்லுக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். செவில்லில் மூன்று இரவு வைத்ததற்கு அந்தப் பேருந்துப் பயணமும் ஒரு காரணம். போர்ச்சுகல் ரயில்களில் 65 வயது கடந்தவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு, எனவே உங்கள் கணவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஸ்பெயின் ரயில்வேயில் 60 வயது கடந்தவர்கள் வாங்கக்கூடிய சலுகை அட்டை உங்கள் இருவருக்குமே பொருந்தும். லிஸ்பனில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 4 யூரோ நகர வரி இருக்கிறது. அறையைப் பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு எடுக்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். போர்ச்சுகலின் தெற்கிலும் ஸ்பெயினின் தெற்கிலும் கோடை வெயிலை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகளே அதிகம். பலவற்றில் மைய வெப்பமூட்டும் வசதி கிடையாது. வெளியே 16 டிகிரி இருக்கும் நாளில் டைல்ஸ் தரையும் வடக்குப் பார்த்த சுவரும் உள்ள படுக்கையறை, வெளியே இருப்பதைவிடச் சில்லிட்டுக் கிடக்கும். அறைக்கு அறை மின் ஹீட்டர் இருக்கிறதா, மின் கட்டணம் வாடகைக்குள் அடங்கியதா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் தனியாக வசூலிப்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரிந்த வாடகை விலை கூடிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். ஓய்வு பெற்றவருக்குத் தவணைக் கடன் ஏன் கூடாது என்றால், வருமானம் ஏற இடமில்லாத நிலையில் தவணை மட்டும் மாதந்தோறும் நிலையாக நின்று, உங்கள் சிறிய மிச்சத்தை விழுங்கிவிடும். அந்த மிச்சம்தான் எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு முதல் அரண். டெபாசிட்டை முன்கூட்டியே முறித்தால் வட்டியில் வெட்டு விழும், பதினோரு மாதப் பொறுமையில் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். ஆகவே இப்போதிருந்தே மாத மிச்சத்தைத் தனிக் கணக்கு ஒன்றில் தொடர் சேமிப்பாகப் போடுங்கள். ஆகஸ்ட்டில் டெபாசிட் முதிரும்போது பயணத்துக்குத் தேவையான பகுதியை மட்டும் அதனுடன் சேர்த்துவிட்டு, எஞ்சியதை மறுபடி டெபாசிட்டாகப் போட்டுவிடுங்கள். ஒன்றரை ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் என்பதால் இதில் ஒரு பைசாவும் பங்குச் சந்தைக்குப் போக வேண்டாம். ஓராண்டு வீட்டுச் செலவுக்கும் கணவரின் சிகிச்சைக்கும் ஒதுக்கிய தொகை இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. அதைத் தொட்டால்தான் பயணம் நடக்கும் என்ற நிலை வந்தால், இருபத்து நான்கு நாளைப் பதினெட்டாகக் குறையுங்கள்.

இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. விசா விண்ணப்பத்துடன் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். கடன் வாங்கியோ பிள்ளைகளிடமிருந்து பெற்றோ விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு திடீரென்று ஒரு பெருந்தொகை கணக்கில் விழுந்திருந்தால், அது உங்களுடைய பணம்தானா என்ற ஐயத்தை எழுப்பும். மாதந்தோறும் வளர்ந்த கணக்குக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. டெபாசிட் முதிர்ந்து வந்த தொகைக்கு வங்கியின் சீட்டே சான்று.

ஸ்பெயின், போர்ச்சுகல் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளாவது முன்பாக விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு வழக்கமாகப் பதினைந்து நாளில் வரும், சில விண்ணப்பங்களுக்கு நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். ஆகவே அடுத்த ஆண்டு அக்டோபரில் கொடுத்துவிடுங்கள். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான் சொன்ன பிரிவின்படி ஸ்பெயினுக்குப் பதின்மூன்று இரவு, போர்ச்சுகலுக்குப் பதினொன்று என்பதால் ஸ்பெயின். ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்ப வராது. பாஸ்போர்ட், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பணம் கட்டும் வரிசை இங்கே முக்கியமானது: முதலில் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய தங்குமிட முன்பதிவு, அடுத்து விசா, விசா கைக்கு வந்த பிறகே பணம் திரும்பாத சீட்டுகள். முன்கூட்டி வாங்கினால் மலிவு என்று வரிசையை மாற்றாதீர்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் விஷயத்தில் பெரிய பண ஆபத்து அதில்தான் இருக்கிறது. விசா விதி கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. இது நுழைவதற்கான நிபந்தனை மட்டுமே. ஒரு இதயச் சிகிச்சையும் மருத்துவக் குழுவுடன் தாய்நாடு திரும்பும் விமானமும் சேர்ந்தால் அந்தத் தொகை போதாமல் போகலாம். அதைவிட முக்கியமானது, முன்பே இருந்த நோய் பற்றிய நிபந்தனை. மலிவான பாலிசிகள் பலவற்றில் அத்தகைய நோய்க்கு இழப்பீடே கிடையாது, அல்லது உயிர் காக்கும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும் சிறிய வரம்பு இருக்கும். ஸ்டென்ட் வைத்ததையும் தற்போது சாப்பிடும் மருந்துகளையும் விண்ணப்பத்தில் முழுமையாகச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். சொல்லாமல் மறைத்து வாங்கிய பாலிசி, மருத்துவமனை வாசலில் வெறும் காகிதமாகிவிடும், அந்தப் பில் உங்கள் டெபாசிட் முழுவதையும் கரைத்துவிடக்கூடும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே காப்பீடு கையில் இருக்க வேண்டும்; பயணத்துக்கு முன் உடல்நலக் குறைவால் ரத்து செய்ய நேர்ந்தாலும் ஈடு கிடைக்கும் பாலிசிகள் இருக்கின்றன. அந்தப் பிரிவு உள்ளதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வடக்கு ஐரோப்பிய விமான நிலையங்கள் வழியாகப் போவதானால் ஜனவரிப் பனியில் இணைப்பு விமானம் தவறக்கூடும். முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருந்தால் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால் நட்டம் உங்களுடையது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அங்குள்ள பயணிகள் உரிமை விதி பொருந்தும். பனிப்புயலால் தாமதமானால் பண இழப்பீடு கிடைக்காது. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. கவுன்டரில் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

யூரோவை ஒரே நாளில் மொத்தமாக வாங்க வேண்டாம். அங்கே செலவழிக்கப் போகும் தொகையை நான்காகப் பிரித்து, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு பகுதியாக, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் பயண அட்டையில் ஏற்றினால், மாற்று விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் சராசரியில் அமைந்துவிடும். ரொக்கம் சில நாள் செலவுக்குப் போதும். உங்களுக்கு ஓர் அட்டை, கணவருக்கு வேறு வங்கியின் அட்டை என்று தனித்தனியாக வைத்திருங்கள். ஒன்று தொலைந்தாலும் முடங்கினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

கடையில் அட்டையைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் சில நேரம் இரண்டு தொகைகள் தோன்றும்: ஒன்று யூரோவில், மற்றொன்று உங்கள் நாட்டுப் பணத்தில். சொந்தப் பணத்தில் பார்த்தால் புரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்தால், வங்கி விகிதத்தைவிட மோசமான விகிதத்தில் கூடுதலாகக் கழித்துக்கொள்வார்கள். எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். கடைக்காரரே மற்றதை அழுத்திவிட்டால், பின் எண்ணைப் போடுவதற்கு முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் அதேதான்.

உறுத்தலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடன் இல்லாமல், மருத்துவ ஒதுக்கீட்டைத் தொடாமல், மாத வருமானம் குறையாமல் நடக்கும் செலவில் உறுத்தலுக்கு இடமில்லை. நீங்கள் இருவரும் உழைத்துச் சேர்த்த பணம் அது. பிள்ளைகளுக்கு என்று வைத்துவிட்டுப் போவதைவிட, கணவர் செவில்லின் கல் பாவிய தெருக்களில் கைத்தடியின்றி நடக்க முடிகிற இந்த ஆண்டுகளில் அதன் ஒரு பகுதியைச் செலவிடுவது நல்ல முதலீடு என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். டிசம்பரில் அவரை இதய மருத்துவரிடம் காட்டி, விமானத்தில் செல்லலாம் என்ற சான்றையும் மருந்துகளின் பொதுப்பெயர் எழுதிய சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தத் திட்டச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தொடாத இருப்பாக அட்டைக்கு வெளியே, சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வையுங்கள். தேவைப்படாமல் திரும்பினால் அந்தத் தொகையைப் பிப்ரவரியிலேயே டெபாசிட்டில் சேர்த்துவிடலாம்.