பந்தய நாளில் கவனத்தை எங்கே செலவிடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெச்சூர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொள்ள இருப்பவர்களிடமிருந்தும், அவர்களுடன் தடத்துக்குச் செல்லும் குடும்பத்தாரிடமிருந்தும் பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: பயிற்சி நாட்களில் தடத்தில் நன்றாகவே ஓட்டுகிறேன். அடுத்த மாதம் என் முதல் பந்தயம். அந்த நாளுக்கு எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: பந்தய நாளில் வண்டி ஓட்டும் நேரம் மிகக் குறைவு, காத்திருக்கும் நேரமே அதிகம். பெயர்ப்பதிவு, வண்டிக்கும் உடைக்கும் பரிசோதனை, ஓட்டுநர்களுக்கான விளக்கக் கூட்டம், சிறிது நேரப் பயிற்சி, தகுதிச் சுற்று, பிறகு பந்தயம் என்று நாள் முழுவதும் நிரம்பியிருந்தாலும், நீங்கள் தடத்தில் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. மீதி நேரம், வண்டிகளையும் கூடாரங்களையும் நிறுத்தும் பேடாக்கில் கழிகிறது. புதியவர்கள் தங்கள் கவனத்தைச் செலவழித்துவிடுவது அங்கேதான் என்பதைப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் சஸ்பென்ஷனைத் திருகுவதைப் பார்த்தால் நமக்கும் கை பரபரக்கும். யாரோ சொன்ன சுற்று நேரம் காதில் விழுந்தால் மனம் உடனே கணக்குப் போடத் தொடங்கும். ஒரு மனிதருக்கு ஒரு நாளில் கிடைக்கும் கூர்மையான கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதில் பெரும்பங்கை வளைவுகளுக்கென்று மிச்சம் பிடிப்பதற்காகவே மற்ற ஏற்பாடுகள் எல்லாம்.

ஆகவே, முந்தைய நாளே முடிக்கக்கூடிய எந்த வேலையையும் பந்தயக் காலைக்கு ஒத்திவைக்காதீர்கள். பழகாத கையுறை, புதிய பிரேக் பேட், மாற்றியமைத்த கியர் வரிசை ஆகியவற்றைப் பயிற்சி நாட்களில் சோதித்துக்கொள்ளுங்கள். தோல் உடைக்குள் வியர்வை வேகமாக வெளியேறுவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் காலையிலிருந்தே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்துவாருங்கள். நீர்ச்சத்து குறைந்தால், உடல் சோர்வை நீங்கள் உணர்வதற்கு முன்பே கவனம் சிதறத் தொடங்கியிருக்கும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. டயரைச் சுற்றிப் போர்த்திச் சூடாக்கும் டயர் வார்மரை வழக்கமாக 80 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, சூடு மேற்பரப்போடு நின்றுவிடாமல் உள்ளே இறங்குவதற்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் விடுவார்கள். டயர் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் கூடும் என்பதால், காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்த அளவை நம்பிப் பந்தயத்துக்குப் போகாமல், சூடான நிலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தடத்தில் பெரும்பாலான வளைவுகள் வலப்பக்கமே திரும்பினால் டயரின் இடப்பக்கம் போதிய சூடில்லாமல் இருக்கும். வலப்பக்க வளைவுகள் பலவற்றைத் தாண்டிய பின் வரும் முதல் இடப்பக்க வளைவில் பலர் விழுவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: பரிசோதனையில் என் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஞ்சின் எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் கம்பி கட்டவில்லையாம். ரேடியேட்டரில் கூலன்ட் இருந்ததாம். இரண்டுமே சிறிய விஷயங்கள் அல்லவா?

பதில்: இல்லை. பரிசோதகர் உங்கள் வண்டியைப் பார்ப்பது உங்களுக்காக மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வரப்போகும் அத்தனை பேருக்காகவும். எஞ்சின் அதிர்வில் எண்ணெய் டிரெயின் போல்ட் மெல்லத் தளர்ந்து கழன்றால், முதலில் நனைவது உங்கள் பின்சக்கரம். அடுத்து, அந்த வளைவுக்கு வருகிற எல்லோருடைய சக்கரங்களும். இதைத் தடுக்கத்தான் போல்ட்டின் தலையில் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய துருப்பிடிக்காத கம்பியை அதில் கோத்து, இரண்டு இழைகளையும் இறுக முறுக்கி, எஞ்சினின் அசையாத பகுதி ஒன்றில் கட்டுகிறார்கள். கம்பியின் இழுவிசை போல்ட்டை இறுக்கும் திசையில் இருக்க வேண்டும். போல்ட் தளரப் பார்க்கும்போது கம்பி விறைத்து அதைப் பிடித்து நிறுத்தும். கம்பியைத் தளரும் திசையில் கட்டியிருந்தால் அது பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் எந்த வேலையும் செய்யாது. அனுபவமுள்ள பரிசோதகர் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கூலன்ட்டும் அப்படித்தான். அதில் கலந்துள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வழுக்கும் தன்மை உடையது. தண்ணீரைப் போல எளிதில் ஆவியாகாமல் தார்ப்பரப்பிலேயே தங்கிவிடும். அதனால்தான் பந்தய வண்டியில் வெறும் தண்ணீரை ஊற்றச் சொல்கிறார்கள். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் சூப்பர்பைக் விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: எஞ்சின் உடைந்தால் அதன் எண்ணெய், குளிர்விக்கும் நீர் ஆகியவற்றின் மொத்தக் கொள்ளளவில் பாதியையாவது தாங்கும்படி, எஞ்சினுக்குக் கீழே வரும் வெளி உறையான கீழ் ஃபேரிங் அமைந்திருக்க வேண்டும். அதன் அடியில் மழைநீர் வடிய உள்ள துளையும் உலர்ந்த நாளில் மூடியே இருக்க வேண்டும். உங்கள் அமைப்பாளர்களின் விதிப்புத்தகத்தை வரிக்கு வரி படித்து, அடுத்த முறை வரிசையில் முதல் ஆளாகப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். ஏதேனும் குறை சொன்னாலும் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

கேள்வி: பந்தயம் தொடங்கும் தருணத்தை நினைத்தாலே கை நடுங்குகிறது. முதல் வளைவில் அத்தனை வண்டிகளுக்கு நடுவே என்ன செய்வது?

பதில்: நடுக்கம் இயல்பானது. அதை அடக்க முயல்வதைவிட, கைகளுக்கு வரிசையாக வேலை கொடுப்பதே பலன் தரும். வார்ம்-அப் சுற்று முடிந்து வண்டிகள் வரிசையாக நிற்கும் தொடக்க இடமான கிரிட்டில் உங்களுக்குக் குறித்த பெட்டிக்குள் வண்டியை நேராக நிறுத்துங்கள். முதல் கியர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடலை முன்னே சாய்த்து, நெஞ்சு டேங்கை நெருங்கும்படி அமருங்கள். எடை முன்னால் இருந்தால் முன்சக்கரம் தூக்காது. எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தி, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளிவரை லிவரைத் தளர்த்தி வையுங்கள். சர்வதேசப் போட்டி விதிகளின்படி சிவப்பு விளக்கு 2 முதல் 5 நொடிகள் வரை எரிந்து பின்னர் அணையும், அணைவதுதான் தொடக்கம். எப்போது அணையும் என்று ஊகிக்கக் கூடாது. விளக்கு எரியும்போதே வண்டி நகர்ந்தால் தண்டனை உண்டு. விளக்கு அணைந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடாமல், வண்டி வேகமெடுக்கும்வரை சீராக விடுங்கள்.

முதல் வளைவில் விழுபவர்கள் பெரும்பாலும் துணிச்சலால் விழுவதில்லை. பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடமாகப் பயிற்சியில் பழகிய பிரேக் குறியை அப்படியே நம்பி விழுகிறார்கள். முன்னால் வண்டிகள் கூட்டமாகச் செல்லும்போது அவை காற்றைக் கிழித்து வழிவிடுவதால், தனியாக வரும்போது இருப்பதைவிட அதிக வேகத்தில் நீங்கள் அந்தக் குறிக்கு வந்து சேருவீர்கள். பிரேக் பிடித்த பிறகும், வழக்கமாக உங்கள் நெஞ்சில் மோதி வேகத்தைக் குறைக்க உதவும் காற்று அப்போது அவ்வளவாக இருக்காது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறீர்கள். அரை நொடி தாமதம் 25 மீட்டரை விழுங்கிவிடும். எனவே முதல் சுற்றில் குறிக்கு முன்பே பிரேக்கைத் தொடங்குங்கள். பார்வை முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். முன்னால் செல்பவரின் தோளுக்கு அப்பால், வளைவு முடியும் இடத்தைத் தேடுங்கள். அங்கே இரண்டு இடங்களை இழந்தாலும் மீட்க எத்தனையோ சுற்றுகள் மிச்சம் இருக்கின்றன.

கேள்வி: மஞ்சள் கொடியைக் கண்டு நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர் என்னை முந்திச் சென்றுவிட்டார். விதியை மதித்ததற்கு இதுதான் பலனா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, முறையீட்டுக்கான நேரம் முடிவதற்குள் அமைப்பாளர்களிடம் எழுத்தில் தெரிவியுங்கள். மஞ்சள் கொடி அசையும் இடத்தில் முந்துவது தண்டனைக்குரியது. அங்கே விழுந்தவர் தடத்தின் ஓரத்தில் கிடக்கலாம். அவரைத் தூக்க, தடத்தோரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர்களான மார்ஷல்கள் ஓடிவரலாம். அவர்களுக்குக் கவசம் ஏதும் கிடையாது. பெரும்பாலும் தன்னார்வத்துடன் வந்து, நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் அவர்களது உயிர் நீங்கள் வேகத்தைக் குறைப்பதை நம்பித்தான் இருக்கிறது. நீங்கள் செய்தது சரி. அடுத்த பந்தயத்திலும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: என்னை ஒரு சுற்று முழுவதும் முந்தப்போகும் வேகமான ஓட்டுநர் பின்னால் வரும்போது விலகி வழிவிட வேண்டுமா?

பதில்: வேகமானவர் பின்னால் வருகிறார் என்று உணர்த்தும் நீலக் கொடி காட்டப்பட்டாலும் திடீரென்று விலகாதீர்கள். வழக்கமான பாதையிலேயே சீராகச் செல்லுங்கள். உங்களைக் கடக்கும் வழியை அவர் கண்டுபிடித்துக்கொள்வார். உங்கள் அடுத்த அசைவை அவரால் ஊகிக்க முடியாமல் போவதுதான் ஆபத்து.

கேள்வி: என் கணவர் பந்தயத்தில் ஓட்டுகிறார். நான் உடன் செல்கிறேன். அவருக்கு எப்படி உதவலாம்?

பதில்: நேரத்தை அவருக்காக நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா, அதைவிடப் பெரிய உதவி இல்லை. அழைப்பு எப்போது, வார்மரை எப்போது இணைப்பது, ஹெல்மெட் எப்போது போடுவது என்பதை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. கடைசிச் சில நிமிடங்களில் சுற்று நேரத்தையோ மற்றவர்களின் வேகத்தையோ பேச வேண்டாம். வண்டி திரும்பி வந்ததும், அவர் முதலில் மூச்சு வாங்கட்டும்; கேள்விகள் பிறகு.

கேள்வி: விழுந்துவிட்டால் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிடிமானம் போய் வண்டி உள்பக்கமாகச் சரிந்து சறுக்கினால் ஹேண்டிலை விட்டுவிடுங்கள், வண்டியும் நீங்களும் பிரிந்து போவதே பாதுகாப்பு. வழுக்கிய பின்சக்கரம் திடீரென்று மீண்டும் பிடிமானம் பெற்று ஓட்டுநரை மேலே தூக்கி எறிவது இதைவிடக் கடுமையானது. சாய்ந்த நிலையில் த்ராட்டிலை அளவுக்கு மீறித் திருகி, சக்கரம் வழுக்கியதும் பதறி அதை முழுவதுமாக மூடுபவர்களுக்கே பெரும்பாலும் இது நேர்கிறது. மோட்டோஜிபி போட்டிகளில் 2018 முதல் காற்றுப்பை உள்ள உடை கட்டாயமாக்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட விழுதல்களும் காரணம். வசதி இருந்தால் நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். சறுக்கும்போது எழுந்து நிற்க முயலாதீர்கள். நின்றுவிட்டோம் என்று தோன்றும் கணத்திலும் உடல் வேகமாக நகர்ந்துகொண்டிருக்கலாம். முழுவதும் நின்ற பிறகு, வண்டிகள் வரும் திசையைப் பார்த்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் செல்லுங்கள். வண்டியை எடுக்க ஓடாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் உள்ளிருக்கும் நுரை அழுந்திப் போயிருக்கும் என்பதால் அதை மறுபடியும் அணியக் கூடாது. மாற்று ஹெல்மெட் கைவசம் இல்லையென்றால் அன்றைய பந்தயத்தை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.