ஆய்வேட்டு விருதுக்கு நானே விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: செயற்கை நுண்ணறிவில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன். தக்காளி இலை நோய்களைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் மாடல்கள், சோதனையில் 99 சதவீதம் காட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனதும் ஏன் சறுக்குகின்றன என்பதுதான் என் ஆய்வு. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. சிறந்த ஆய்வேட்டுக்கான விருதுக்கு முயற்சி செய்ய ஆசை. "அதெல்லாம் எம்ஐடி ஆட்களுக்குத்தான்" என்கிறார் என் கைடு. நான் விண்ணப்பிக்கலாமா? எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?
- ஓர் ஆய்வாளர், கோவை

பதில்: தாராளமாக முயற்சி செய்யலாம். ஆனால் நீங்களாக விண்ணப்பம் போட்டுவிட முடியாது. இந்தத் துறையின் முக்கியமான ஆய்வேட்டு விருதுகளுக்கு வேறொருவர்தான் உங்களை முன்மொழிய வேண்டும். பெரும்பாலும் அது கைடாகவோ துறையாகவோ இருக்கும். அதனால் உங்கள் முதல் வேலை கைடின் மனதை மாற்றுவது.

எந்த விருது என்பதை முதலில் பார்ப்போம். உலக அளவில் பேசப்படுவது, கணினித் துறையினரின் சர்வதேச அமைப்பான ஏசிஎம் (ACM) வழங்கும் முனைவர் ஆய்வேட்டு விருது. பரிசு 20,000 டாலர். இது கணினி அறிவியல் முழுவதற்குமான விருது, ஆனால் சமீப ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு ஆய்வேடுகள் அடிக்கடி தட்டிச் செல்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனியாக ஒன்றை அத்துறை ஆய்வாளர்களின் அமைப்பான ஏஏஏஐயும் (AAAI) ஏசிஎம்மின் செயற்கை நுண்ணறிவுக் குழுவான சிக்ஏஐயும் (SIGAI) சேர்ந்து வழங்குகின்றன. மூன்றாவது ஏசிஎம் இந்தியாவின் ஆய்வேட்டு விருது. டிசிஎஸ் ஆதரவில் 2 லட்சம் ரூபாய் பரிசு.

உங்கள் கைடு சொல்வதில் பாதி உண்மை. முதல் இரண்டு விருதுகளையும் பெற்றவர்கள் பெர்க்லி, கார்னெல், எம்ஐடி, கார்னகி மெலன் என்று பெரிய இடங்களில் இருந்தே அதிகம் வருகிறார்கள். ஏசிஎம் இந்தியா விருதில் கதை வேறு. இந்தியக் கல்வி நிறுவனத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி, எனவே அமெரிக்க எம்ஐடிக்காரர் போட்டிக்கே வர முடியாது. (குரோம்பேட்டை எம்ஐடிக்காரர் வரலாம்.) நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் குறிவைப்பேன்.

அடுத்து தேதி. நல்ல ஆய்வேடுகள்கூட இதில்தான் அநியாயமாகக் கழிந்துபோகின்றன. நம் ஊரில் சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முந்தைய சுருக்கம்) கொடுத்தது, ஆய்வேட்டைச் சமர்ப்பித்தது, வைவா முடிந்தது, பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கியது என்று நான்கு தேதிகள் இருக்கும். முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒன்றரை வருடம்கூட ஓடிவிடும். விருது அறிவிப்பில் எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறார்கள், அது எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை இருக்க வேண்டும் என்பது ஆண்டுதோறும் மாறக்கூடும். பட்டம் கையில் வரட்டும் என்று காத்திருந்து வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தில் இருந்து ஒன்றிரண்டு ஆய்வேடுகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பும் சில விருதுகளில் உண்டு. அப்படியென்றால் முதல் போட்டி உங்கள் துறைக்குள்ளேயே நடக்கும். துறைத் தலைவர் காதில் இப்போதே போட்டுவையுங்கள்.

சரி, ஆய்வேட்டில் எதைப் பார்க்கிறார்கள்? ஜெயித்தவற்றை எடுத்துப் பார்த்தால் புரியும். 2018க்கான ஏசிஎம் விருது பெற்ற செல்சி ஃபின்னின் ஆய்வேடு முழுக்க ஒரே கேள்விதான்: முன்பு கற்றதை வைத்து, புதிய வேலையை மிகச் சில உதாரணங்களிலேயே கற்றுக்கொள்ள ஓர் இயந்திரத்தைப் பழக்க முடியுமா? 2021க்கான விருது பெற்ற மணீஷ் ராகவனின் ஆய்வேட்டில் 'என் மாடல் உன் மாடலை முந்தியது' என்ற பேச்சே மையத்தில் இல்லை. கடன் கொடுப்பது, ஜாமீன் வழங்குவது போன்றவற்றில் அல்காரிதம் முடிவெடுத்தால் சமூகத்தில் என்ன ஆகும் என்பது அவர் கவலை. நியாயத்துக்கு நாம் சொல்லும் சில வரையறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகத் தெரிந்தாலும், அரிதான சில சூழல்கள் தவிர ஒன்றாக நிறைவேறவே முடியாது என்று கிளைன்பெர்க், முல்லைநாதன் என்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து கணிதமாகக் காட்டியவர் அவர்.

2020க்கான ஏஏஏஐ விருது நோம் பிரவுனுக்கு. அவரும் சேர்ந்து உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற நிரல் 2017இல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்களை 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடித் தோற்கடித்தது. செய்தித்தாளுக்கு அது போதும். ஆய்வேட்டின் சாரம் வேறு: எதிராளி கையில் இருப்பது தெரியாத பெரிய ஆட்டங்களில் சமநிலை உத்தியை (தனியாக மாற்றி ஆடினால் யாருக்கும் லாபம் தராத உத்தியை) எப்படிக் கணக்கிடுவது என்பது.

இப்போது உங்கள் ஆய்வேட்டுக்கு வருவோம். பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பின் 54,306 படங்களை வைத்து 2016இல் வந்த ஆய்வுக்கட்டுரை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் 99.35 சதவீதத் துல்லியம், வேறு இடங்களில் இருந்து எடுத்த படங்களில் 31 சதவீதத்தை ஒட்டி. உங்கள் ஆய்வு நிற்பது இந்த இடைவெளியில். ஆகவே விருதுக்காகத் தயாரிக்கும் ஆய்வேட்டுச் சுருக்கத்தின் முதல் பத்தியே இந்த இரண்டு எண்களில் தொடங்கட்டும். "இந்தியா ஒரு விவசாய நாடு" என்று ஆரம்பித்திருந்தால் (நம் ஆய்வேடுகளில் பாதி அப்படித்தான் ஆரம்பிக்கின்றன) தயவுசெய்து வெட்டிவிடுங்கள். ஐந்து அத்தியாயத்தில் ஐந்து மாடல்களை அடுக்கியிருந்தால், ஒவ்வொன்றும் அந்த இடைவெளியைப் பற்றி என்ன சொன்னது என்று ஒரு வரியாவது எழுதிப் பாருங்கள். எழுத வராத அத்தியாயம் சுருக்கத்தில் தலைகாட்ட வேண்டாம்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் அடுத்த பெரிய விஷயம், நம்மவர்கள் கோட்டை விடும் இடமும் அதுதான். "இவர் கடின உழைப்பாளி, ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ்களில் ஆறு கட்டுரைகள் வெளியிட்டுள்ளார், நன்னடத்தை உடையவர்" என்ற கடிதம் வேலைக்கு ஆகாது. "இலையின் பின்னணி நிறத்தைப் பார்த்தே மாடல் நோயைச் சொல்லிவிடுகிறது என்பதை இந்த ஆய்வேடு மூன்றாம் அத்தியாயத்தில் சோதனை மூலம் காட்டுகிறது, அதைப் படித்த பிறகு என் குழு தன் சோதனை முறையை மாற்றிக்கொண்டது" என்று வெளி நிறுவனத்தவர் ஒருவர் எழுதினால் அந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம். இது நானாகக் கற்பனை செய்த வாக்கியம். உங்கள் அத்தியாயத்தில் உண்மையாக இருப்பதை வைத்துத்தான் எழுத வேண்டும். கடிதம் கேட்கும்போது ஆய்வேட்டை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் எந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேச முடியும் என்று குறிப்பிட்டு, ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள்.

கூட்டாக எழுதிய கட்டுரைகளில் உங்கள் பங்கு எது என்பதையும் அந்தக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். தரவைச் சேகரித்தது யார், நிரல் எழுதியது யார், யோசனை யாருடையது என்று நான்கு வரி போதும்.

கைடு விஷயத்தில் ஒரு யோசனை. "என்னை முன்மொழியுங்கள் சார்" என்று வெறுங்கையோடு போய் நின்றால் அவருக்கு அது இன்னொரு எழுத்து வேலையாகத்தான் தெரியும். அந்த ஆண்டின் அறிவிப்பு, வைவா தேதிக்கான சான்று, இரண்டு பக்கச் சுருக்கம், கடிதம் தரச் சம்மதித்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்தவர்கள். அவர்கள் அறிக்கையில் நல்ல வரிகள் இருந்தால், அந்தப் பக்கத்தை ஃபைலின் மேலே வையுங்கள்.