கழுத்துக் குழாயை எப்போது எடுப்பார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தை வென்டிலேட்டர் இல்லாமலே மூச்சுவிடுகிறார். மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய டிரக்கியோஸ்டமி குழாயை இன்னும் எடுக்காதது ஏன்?

பதில்: தானாக மூச்சுவிடுவது வேறு, சளியைத் தானாக வெளியேற்றுவது வேறு. குழாய் இருக்கும்வரை தேங்கும் சளியைச் செவிலியர் உறிஞ்சி எடுத்துவிடுவார். குழாயை எடுத்தபின் அந்த வேலை முழுவதும் நோயாளியின் இருமலைச் சேர்ந்தது. அதனால் இருமலின் வலு, நினைவுத் தெளிவு, விழுங்கும் திறன், குழாய்க்கு மேலே மூச்சுப்பாதையில் அடைப்பின்மை ஆகியவற்றை உறுதிசெய்த பிறகே மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள்.

கேள்வி: குழாயை எடுக்குமுன் அதன் வாயை ஒரு நாள் முழுக்க மூடிவைத்து, மூக்கு, வாய் வழியே மூச்சுவிட முடிகிறதா என்று பார்ப்பது கட்டாயமா?

பதில்: நெடுங்கால வழக்கம் அது, கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் நினைவோடு இருந்த, வென்டிலேட்டரிலிருந்து விடுபட்ட 330 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரம் மூடிவைத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அதிக ஓட்ட ஆக்சிஜனை இடைவிடாமல் கொடுத்து, எட்டு மணி நேரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் சளி உறிஞ்சத் தேவைப்படாத நிலை ஒரு நாள் நீடித்ததும் குழாயை எடுத்தார்கள். முதல் பிரிவில் குழாய் எடுக்க இடைநிலையாக (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவாக) 13 நாட்கள் ஆயின, இரண்டாவதில் 6 நாட்களே. நிமோனியாவும் இவர்களிடம் குறைவாக இருந்தது. மூடிய குழாயே மூச்சுப்பாதையில் இடத்தை அடைத்துக்கொள்வதால், தகுதியான நோயாளியும் அந்தச் சோதனையில் களைத்துப்போகக்கூடும் என்பதை நாம் மறக்கக் கூடாது. மூடிப் பார்க்கும் இடங்களில் ஒன்று மிக முக்கியம்: குழாயைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை முழுவதும் இறக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக்கு வழியே இராது.

கேள்வி: பலூன் ஊதியிருந்தால் உணவு நுரையீரலுக்குள் போகாதல்லவா?

பதில்: போகலாம். பலூன் முழுத் தடுப்பு அன்று. விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே வாய்வழி உணவு தர வேண்டும்.

கேள்வி: குழாயை எடுத்தபின் துளைக்குத் தையல் போடுவார்களா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. துணிக்கட்டு போட்டு விட்டால் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் கட்டின்மேல் விரல்களை மெல்ல அழுத்திக்கொண்டால் காற்று அவ்வழியே கசியாது, குரலும் இருமலும் வலுப்பெறும். மூச்சு இழுக்கையில் கரகரவென்றோ சீழ்க்கைபோலவோ ஒலி கேட்டாலோ, கழுத்துக்குழி உள்வாங்கினாலோ, நள்ளிரவாயினும் உடனே செவிலியரை அழையுங்கள்.