வறுமை: உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வறுமை ஒழிப்புத் திட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். சில ஐயங்கள் இருக்கின்றன. என் பாட்டனார் கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, யாருடைய உதவியும் இல்லாமல், உழைப்பால் மட்டுமே குடும்பத்தை மேலே கொண்டுவந்தார். அவரோடு வளர்ந்தவர்களில் பலர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். அப்படியானால் வறுமைக்குக் காரணம் மனிதர்களின் குணம்தான் என்று ஏன் சொல்லக் கூடாது? ஏழைகளின் கையில் பணத்தைக் கொடுத்தால் அது குடியில்தானே போகும்? இத்தனை ஆய்வுகள் நடந்தும் வறுமை ஒழியவில்லை என்னும்போது அவற்றால் யாருக்கு என்ன பயன்?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வி மிகப் பழையது. அதற்கு வீடு வீடாகக் கணக்கெடுத்து விடை தேடியவர்களில் முன்னோடி சீபோம் ரௌன்ட்ரீ. இங்கிலாந்தின் யார்க் நகரில் சாக்லேட் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1899-இல் அந்நகரின் தொழிலாளர் குடும்பங்கள் 11,560-ஐக் கணக்கெடுத்தார். உடல் இயங்குவதற்கு வேண்டிய குறைந்தபட்ச உணவு, உடை, வாடகை, எரிபொருள் ஆகியவற்றுக்கே வருமானம் போதாத வீடுகளைத் தனியே பிரித்து, அந்நிலைக்கு உடனடிக் காரணம் என்ன என்று பார்த்தார். அந்த வீடுகளில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் குடும்பத் தலைவர் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், கூலிதான் போதவில்லை. வேலையே கிடைக்காததால் அந்நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. வருமானம் போதியதாக இருந்தும் குடி முதலிய வேறு செலவுகளால் வறுமையில் வாழ்ந்தவர்களையும் அவர் மறைக்கவில்லை. அவர்களைத் தனி வகையாக எண்ணினார். அவர்கள் தொகை முதல் வகையினரைவிட அதிகம். ஆனால் அவர்களை முழுவதும் ஒதுக்கிவைத்த பிறகும் நகர மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் மிஞ்சினார். அந்தப் பத்தில் ஒருவரைக் குணத்தைச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

இருந்தாலும், 'இவர் ஏன் ஏழையாக இருக்கிறார்?' என்ற கேள்வியே கொஞ்சம் மங்கலானது என்பது என் எண்ணம். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன: இவர் எப்படி ஏழையானார் என்பது ஒன்று, ஏன் மீள முடியவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை இருக்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் நம் விவாதங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன.

அரசியல் அறிஞர் அனிருத் கிருஷ்ணா இந்த முடிச்சை எளிய முறையில் அவிழ்த்தார். ஊர் மக்களை ஒன்றாக உட்கார வைத்து, மிக ஏழையான ஒரு குடும்பத்துக்குக் கையில் கொஞ்சம் பணம் வந்தால் முதலில் எதற்குச் செலவிடும், அடுத்து எதற்கு என்று கேட்பார். சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, ஒழுகும் கூரை என்று அவர்களே படிகளை வரிசைப்படுத்துவார்கள். எந்தப் படியைத் தாண்டினால் ஒரு குடும்பத்தை ஏழை என்று சொல்வதில்லை என்பதையும் அவர்களே முடிவுசெய்வார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமும் இன்று எந்தப் படியில் இருக்கிறது, ஒரு தலைமுறைக்கு முன் எந்தப் படியில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணங்களை வீட்டுக்குச் சென்று விசாரிப்பார். இந்தியா, கென்யா, உகாண்டா, பெரு, அமெரிக்காவின் வட கரோலினா ஆகிய இடங்களில் 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை இப்படி ஆராய்ந்திருக்கிறார்.

அவர் கண்டது இது: ஒரே ஊரில், ஒரே காலத்தில், சிலர் வறுமையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள், வேறு சிலர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தார்கள். மொத்த விழுக்காடு மாறாமல் இருந்தால், எதுவும் நடக்கவில்லை என்றே புள்ளிவிவரம் காட்டும். விழுந்தவர்கள் சொன்ன காரணங்களில் எங்கும் முன்னால் நின்றது நோயும் மருத்துவச் செலவும். இறப்புச் சடங்குகளின் செலவும் கடும் வட்டிக் கடனும் அதன் பின்னால் வந்தன. பெரும்பாலும் ஒரே அடியில் யாரும் விழுவதில்லை. முதலில் சேமிப்பு கரைகிறது, பிறகு கடன், பிறகு ஆடுமாடு, கடைசியில் நிலம். இதற்கிடையில் சம்பாதித்துக்கொண்டிருந்தவரே படுக்கையில் கிடக்கிறார். சோம்பலும் குடியும் காரணமாக வந்த வீடுகள் மிகச் சிலவே. மேலே ஏறியவர்கள் சொன்ன காரணங்களோ முற்றிலும் வேறு: கூடுதலாக ஒரு வருமான வழி, நகரத்தில் ஒரு வேலை, அந்த வேலையைக் காட்டிக்கொடுத்த ஓர் உறவினர். ஆகவே ஏணி வைப்பது மட்டும் வறுமை ஒழிப்பு ஆகாது. குழியை மூடும் வேலையும் இருக்கிறது. மருத்துவக் காப்பை நலத் திட்டங்களின் ஓரத்தில் வைக்கும் வழக்கம் பிழையானது என்று நான் கருதுவது இதனால்தான்.

இனி, மீள முடியாமை. இதற்கு வங்கதேசத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2007 முதல், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பகுதிகளில், கூலி வேலையும் வீட்டு வேலையும் செய்துவந்த மிக ஏழைப் பெண்களுக்குக் கறவை மாடும் அதை வளர்க்கும் பயிற்சியும் கொடுத்தது. ஓரியானா பந்தியேரா, மைத்ரீஷ் கட்டக் முதலிய பொருளாதார அறிஞர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாருக்கும் கிடைத்தது ஏறத்தாழ ஒரே அளவு உதவி. ஆனால் முன்பே கையில் கொஞ்சம் பொருள் இருந்தவர்கள் மாடு வந்ததும் ஒரு வரம்பைத் தாண்டினார்கள், அதன்பின் அவர்களுடைய உடைமை தானாகவே வளர்ந்தது. ஒன்றுமே இல்லாதவர்கள் மாடு கிடைத்த பிறகும் அந்த வரம்புக்குக் கீழேயே நின்றார்கள், மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே சரிந்தார்கள். வாங்கும் திறன் அடிப்படையில், அதாவது நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிசெய்து பார்த்தால், அந்த வரம்பு ஏறக்குறைய 504 டாலர் மதிப்புள்ள உடைமை என்று கணித்தார்கள். மாட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்ட ஒரு கொட்டகை வேண்டும், பாலைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். குணத்தில் இந்தப் பெண்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்திருக்க வேண்டியதில்லை. தொடங்கிய இடம் வேறு.

இதில் கொள்கை வகுப்பவர்களுக்குக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. இருக்கும் நிதியை எல்லாருக்கும் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுப்பது நியாயமாகத் தோன்றும், வாக்கும் சேரும். ஆனால் வரம்பைத் தாண்டாத உதவி பசியைச் சில நாள் தள்ளிப்போடுமே தவிர, நிலையை மாற்றாது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் இதே வகைத் திட்டத்தைச் சோதித்த வேறோர் ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. உடைமை, பயிற்சி, சிறிது காலம் சாப்பாட்டுச் செலவு, சேமிப்பு, வீடு தேடி வரும் ஆலோசகர் எல்லாம் சேர்ந்து கிடைத்தபோது, உதவி நின்று ஓராண்டு கழித்தும் பெரும்பாலான நாடுகளில் பலன் நின்றது. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கல்: அங்கே கொடுத்த கோழிகளில் பெரும்பாலானவை நோயில் செத்துப்போயின. கோட்பாட்டைக் குறைசொல்லி என்ன பயன், கோழி சாகாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குடியைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு விடை சுருக்கமானது. பணம் வழங்கும் திட்டங்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் உலக வங்கிக்காகத் தொகுத்துப் பார்த்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு அநேகமாக எங்கும் கூடவில்லை. சில இடங்களில் குறைந்தது.

ஏழைகள் தவறாக முடிவெடுக்கிறார்கள் என்ற வாதமும் இதன் அருகில் வருவதுதான். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறன் சோதனை நடத்தி 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கைவறண்டிருந்த காலத்தில் அதே மனிதர் குறைவாகவும், பணம் வந்த பிறகு கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றார். எனக்குப் பிடித்த ஆய்வு. ஆனால் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய சோதனையில் அத்தகைய வேறுபாடு கிடைக்கவில்லை. அதனால் பிடித்திருப்பதை ஒரு காரணமாக வைத்து அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப நான் தயாராக இல்லை.

ஆய்வுகளால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறேன். சீனாவில் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியேறினார்கள். உழவுக் குடும்பங்களிடம் நிலத்தின் பொறுப்பை ஒப்படைத்ததும், பின்னர் ஆலைகள் பெருகியதும் அதற்குக் காரணம். உதவி பெறுவோரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பலனை அளக்கும் எந்தச் சோதனையும் அதைச் செய்யவில்லை. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன், ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் ஏன் பலிக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமான கேள்வி. ஆனால் வளர்ச்சி வந்த நாடுகளிலும் நோயில் விழுகிறவர்கள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம், பிள்ளைகள் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வந்தால் தாயிடம் பணம் கொடுத்தது. 506 ஊர்களை இரண்டாகப் பிரித்து அதன் பலனை அளந்து வைத்திருந்ததால், 2000-இல் ஆட்சி மாறியபோது புதிய அரசு அதைக் கலைக்காமல் பெயரை மாற்றி விரிவாக்கியது. 2018 இறுதியில் வந்த அரசு அளவீடுகளைப் பொருட்படுத்தாமல் 2019-இல் அதை முடித்துவைத்தது. ஆய்வின் வலிமையும் அங்கேயே இருக்கிறது, அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது.

உங்கள் பாட்டனாரின் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அனிருத் கிருஷ்ணா உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய சிலவற்றை நானும் கேட்க விரும்புகிறேன். அவர் மேலே வந்த அந்த ஆண்டுகளில் வீட்டில் யாராவது நெடுநாள் படுக்கையில் கிடந்தார்களா? முதல் வேலையைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள்? அவரோடு வளர்ந்து, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டவர்களின் வீடுகளில் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? குடும்பத்துப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்.