ஜிபி பயிற்சியில் இருக்கும் டாக்டருக்காக யார் பேசுவார்கள்?

கேள்வி: "இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப டாக்டர்) பயிற்சி, மூன்றாம் வருடம். நோயாளியோடு பேசிச் சிகிச்சை சொல்வதைச் சோதிக்கும் எஸ்சிஏ தேர்வில் ஒருமுறை தோற்றுவிட்டேன். சர்ஜரியில் டிரெய்னர் டாக்டர் எடுக்க வேண்டிய டுடோரியல் ஒழுங்காக நடப்பதில்லை. வாயைத் திறந்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா? யாராவது துணைக்கு வருவார்களா?"

முதலில் விசா பயத்தைத் தள்ளி வையுங்கள். சர்ஜரி நீங்கள் பயிற்சி பெறும் இடம், அவ்வளவுதான். உங்கள் விசா ஸ்பான்சர் அவர்கள் அல்ல. (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே சர்ஜரி என்றால் குடும்ப டாக்டரின் கிளினிக். கத்தி எல்லாம் கிடையாது.) இதை எனக்கு யாரும் சொல்லாததால் நான் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நான் திருநெல்வேலியில் எம்பிபிஎஸ் முடித்து வந்தவன். 2019 ஆகஸ்டில் மூன்றாம் வருடப் பயிற்சிக்கு ஒரு சர்ஜரியில் சேர்ந்தேன். ஒப்பந்தப்படி வாரம் 40 மணி நேரம், பத்து செஷன். ஏழில் நோயாளிகள், மூன்று படிப்புக்கு. என் கதையில் படிப்பு செஷன் எல்லாம் காகிதத்தோடு சரி. "இன்னைக்கு ஒரு டாக்டர் லீவு, இந்த ரெண்டு வீட்டு விசிட்டை மட்டும் பார்த்துடறீங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. நம்ம ஊரில் சீனியரிடம் மாட்டேன் என்று யார் சொல்லியிருக்கிறோம்?

அந்த நவம்பரில் சிஎஸ்ஏ எழுதினேன். எஸ்சிஏவுக்கு முன்னால் இருந்த தேர்வு அது. லண்டன் யூஸ்டன் போய் ஓர் அறையில் உட்கார்ந்தால், நோயாளியாக நடிப்பவரும் மதிப்பெண் போடுபவரும் நம்மைத் தேடி வருவார்கள். பதின்மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். என் மருத்துவ அறிவில் குறை என்று அவர்களே சொல்லவில்லை. "உங்களுக்கு இது என்னவாக இருக்கும்னு தோணுது?" என்று நோயாளியிடம் கேட்பது எனக்குச் செயற்கையாக வந்தது. ஊரில் இப்படிக் கேட்டால், "அது தெரிஞ்சா நான் ஏன் டாக்டர் உங்ககிட்ட வாரேன்?" என்று எழுந்து போய்விடுவார்கள். இந்தக் கேள்வி நாக்கில் பழகத்தான் டுடோரியல். அதுதான் எனக்குக் கிடைக்கவில்லை. தோற்றேன்.

"தோற்றவன் சாக்கு சொல்கிறான்" என்று கருத்துப் பெட்டியில் வரப்போகிறவர்களுக்கு: என் தோல்விக்கு நானும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் இந்தத் தேர்வில் பல மடங்கு அதிகம் தோற்பதை 2013-லேயே பேராசிரியர் அனீஸ் எஸ்மெயிலின் ஆய்வு காட்டிவிட்டது. இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கமான பாப்பியோ நீதிமன்றம் வரை போனது. 2014-ல் வழக்கு தோற்றது. தேர்வு சட்டப்படி செல்லும் என்றார் நீதிபதி மிட்டிங். கூடவே, இந்த இடைவெளியைக் குறைக்க, தேர்வை நடத்தும் ராயல் காலேஜ் எதுவும் செய்யாமல் இருந்தால் அடுத்த முறை தீர்ப்பு வேறு மாதிரி வரலாம் என்றும் எச்சரித்தார். தோற்ற வழக்கு வீண் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குத் துணை வந்தது ஓர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு ஒரு வருடம் சீனியர், எங்கள் வட்டாரப் பயிற்சி டாக்டர்களின் பிரதிநிதி. போனில் அரை மணி நேரம் புலம்பினேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "தம்பி, இதெல்லாம் எழுதி வச்சிருக்கிறீரோ?" இல்லை என்றேன். "எழுதாததுக்கு நான் என்னெண்டு போய்க் கதைக்கிறது?"

ஆறு வாரம் எழுதினேன். தேதி, எத்தனை நோயாளிகள், எந்த டுடோரியல் ரத்து, யார் என்ன சொன்னார்கள் எல்லாம். ஆறு டுடோரியலில் நான்கு நடக்கவில்லை. அந்தத் தாளோடு அக்காவும் நானும் பயிற்சித் திட்ட இயக்குநரைப் பார்த்தோம். டாக்டர்களின் தொழிற்சங்கமான பிஎம்ஏவில் நான் உறுப்பினர் என்பதால் அவர்களுடைய ஆலோசகர் என் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து ஒரு மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தார். சண்டையெல்லாம் நடக்கவில்லை. அடுத்த வாரமே வியாழன் மதியம் எனக்கென்று ஒதுக்கப்பட்டது. என் டிரெய்னர் கெட்டவரும் இல்லை, களைத்துப்போன மனிதர். பிப்ரவரியில் பாஸ் செய்தேன்.

ஆகவே நீங்கள்: உங்கள் வேலை அட்டவணையை எடுத்து செஷன்களை எண்ணுங்கள். நேரம் மீறினால் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் (அட்டவணையை மீறியதைப் பதிவு செய்வது) போடுங்கள், அது புகார் அல்ல, உங்கள் உரிமை. டிரெய்னரிடம் முதலில் பேசுங்கள், பிறகு திட்ட இயக்குநர், பிறகு பிஎம்ஏ. தூக்கம் போய்விட்டது, அழுகை வருகிறது என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். பிராக்டிஷனர் ஹெல்த் என்று டாக்டர்களுக்கென்றே ரகசியமான மனநலச் சேவை இங்கிலாந்தில் இருக்கிறது, நேராக அங்கே போங்கள். தேர்வை மறுபடியும் எழுதலாம். நீங்கள் ஒரு வாய்ப்பைத்தான் செலவழித்திருக்கிறீர்கள்.

    

இன்னொன்று, கொஞ்சம் வெட்கத்தோடு. இப்போது நானும் டிரெய்னர். போன மாதம் என்னிடம் பயிலும் பெண் வந்து, இரண்டு டுடோரியல் விட்டுப்போய்விட்டது என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒண்ணுதானே?" என்றேன். அவள் போனைத் திறந்து தேதிகளைக் காட்டினாள். இரண்டுதான்.