மேக் வாங்கினால் வைரஸ் பயம் இல்லையா?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் சேரும் மகளுக்கு லேப்டாப் பார்க்கிறோம். "மேக்புக் எடுங்க, வைரஸே வராது, ஆன்டிவைரஸ் செலவும் மிச்சம்" என்கிறார் கடைக்காரர். விலை விண்டோஸ் லேப்டாப்பைப் போல இரண்டு மடங்கு. அவர் சொல்வது சரியா?

பதில்: வைரஸ் பயத்துக்காக மட்டும் இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள்.

விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் மேக்கில் ஓடாது, அதுவரை அவர் சொல்வது சரி. விண்டோஸ் கணினிகளே அதிகம் என்பதால், திருடர்களும் வெகுகாலம் அவற்றைத்தான் குறிவைத்தார்கள். ஆனால் மேக்குக்கென்றே எழுதிய வைரஸ்கள் வந்து பல வருடங்கள் ஆகின்றன. 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற ஒன்று சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. கெட்டுப்போன ஒரு இணையதளத்தைத் திறந்தாலே போதும், ஜாவா என்ற துணை மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது தேதிகள். ஜாவாவை உருவாக்கும் ஆரக்கிள் நிறுவனம் அந்த ஓட்டையை பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது. மேக்குக்கான ஜாவாவை ஆப்பிள்தான் வெளியிட்டு வந்தது. அதன் அப்டேட் ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட வாரங்களில்தான் இத்தனை பேர் மாட்டினார்கள். விண்டோஸ் வைரஸ் மேக்குக்கு வராது என்று தன் தளத்தில் போட்டிருந்த வரியை ஆப்பிள் அதே வருடம் எடுத்துவிட்டது. 2021-இல் அந்த நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே, மேக்கில் உள்ள மால்வேர் (வைரஸ் போன்ற தீய மென்பொருள்) அளவு ஏற்கத்தக்கதல்ல என்று நீதிமன்றத்தில் சொன்னார்.

இன்றைய ஆபத்து வேறு வகை. 2023-இல் வெளியே தெரியவந்த அட்டாமிக் ஸ்டீலர் என்ற திருட்டு மென்பொருள் போன்றவை, காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் 'கிராக்' (பூட்டை உடைத்து இலவசமாக்கிய) பதிப்பு போல வேடம் போட்டு வருகின்றன. நிறுவும்போது மேக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதைத் தட்டிக் கொடுத்தால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும். எத்தனை நல்ல பூட்டாக இருந்தாலும் சாவியை நாமே நீட்டினால் அது என்ன செய்யும்? கல்லூரிப் பிள்ளைகளிடம் கிராக் மென்பொருள் கைமாறுவது சகஜம் என்பதால் உங்கள் மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். ஏதாவது பக்கம் "இந்த வரியை டெர்மினலில் (கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ஜன்னல்) ஒட்டுங்கள்" என்றால் உடனே மூடிவிட வேண்டும்.

விண்டோஸ், மேக் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸும் விலக்கல்ல. 2016-இல் மிராய் என்ற மால்வேர் தாக்கியது லினக்ஸில் ஓடும் கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததே காரணம். கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்பான குரோம்புக் ஓரளவு பத்திரமானது, ஆனால் போலி வங்கிப் பக்கத்தில் நாமே விவரம் கொடுத்தால் அதுவும் காப்பாற்றாது.

சரி, எதை வாங்குவது? ஆன்டிவைரஸ் செலவு மிச்சம் என்ற கணக்கை விடுங்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாக இருக்கிறது, மாணவருக்கு அது போதும். மேக்கிலும் எக்ஸ்புரொடெக்ட் என்ற பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. முதலில் அவள் சேரும் துறையில் என்ன மென்பொருள் வேண்டும் என்று கேளுங்கள். மெக்கானிக்கல் என்றால், இயந்திர பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. எதை வாங்கினாலும் தானாக அப்டேட் ஆகும்படி வையுங்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். பழைய மேக் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்த மாடலுக்கு ஆப்பிள் இன்னும் பாதுகாப்பு அப்டேட் தருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.