ஓடாத வண்டிதான் சீக்கிரம் கெடும்: மோட்டார் ஹோம் கேள்வி பதில்

அமெரிக்காவில் சொகுசு மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உள்ள, ஓட்டிச் செல்லும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். நிறைய வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் என்ஜின் பற்றிய கேள்விகள்தான். ஆனால் இந்த வண்டிகளில் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் என்ஜின் கிடையாது. தண்ணீரும், வெயிலும், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதும்தான். அதனால் அந்தப் பக்கக் கேள்விகளுக்கு இந்த இதழில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வணக்கம் சார். 2016 மாடல், 43 அடி டீசல் புஷர் (பின்னால் டீசல் என்ஜின் உள்ள மோட்டார் ஹோம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடியது 18,000 மைல்தான். உள்ளே சோபா, மார்பிள் தரை எல்லாம் புதுசு மாதிரி மின்னுகிறது. துணிந்து வாங்கலாமா?
(வாசகர், டாலஸ்)

அந்த 18,000 மைலைப் பார்த்து மயங்காதீர்கள். காருக்கு அது நல்ல செய்தி. மோட்டார் ஹோமுக்கு அது ஒரு எச்சரிக்கை. இத்தனை வருடத்தில் அவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால் மீதி நாளெல்லாம் வெயிலிலும் மழையிலும் சும்மா நின்றிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் இருக்கும் கம்மின்ஸ் என்ஜினும் ஆலிசன் கியரும் லாரிக்காகச் செய்யப்பட்டவை, லட்சக்கணக்கான மைல் ஓடக்கூடியவை, அவற்றுக்கு இது ஒன்றுமே இல்லை. நின்றே கெடுபவை வேறு: டயர், கூரையின் சீலன்ட், ஸ்லைடு (நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) ஓரத்து ரப்பர், பேட்டரி, டேங்கில் பழசாகிப்போன டீசல், ஜெனரேட்டர், ஏர் பிரேக்கின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர்.

முதலில் சோபாவைப் பார்க்காமல் கூரைக்கு ஏறுங்கள். ஏசி, காற்றாடி, ஆன்டெனா எங்கெல்லாம் கூரையைத் துளைத்து இறங்குகிறதோ அங்கெல்லாம் சுற்றிப் பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் கீழே இறங்கி, காலை அல்லது மாலை சாய்வெயிலில், வண்டியின் ஒரு முனையில் நின்று பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல் கண்ணை ஓட்டுங்கள். நேரே நின்று பார்த்தால் தெரியாத உப்பலும் அலையும் அப்போது தெரியும். சுவருக்குள் தண்ணீர் போய் மேல்தோல் பிரிந்துவிட்டது என்று அர்த்தம், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு தாங்காது, பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். உள்ளே மேல் அலமாரிகளைத் திறந்து கடைசி மூலை வரை கைவிட்டுத் தடவிப் பாருங்கள், காபிக் கறை மாதிரி பழுப்பு வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்லைடு பக்கத்தில் தரையைக் குதிகாலால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கக் கூடாது.

இதெல்லாம் தேறினால் என்ஆர்விஐஏ என்ற அமெரிக்க மோட்டார் ஹோம் பரிசோதகர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரை நீங்களே தேடி அமர்த்துங்கள், விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். என்ஜின், கியர், ஜெனரேட்டர் மூன்றின் ஆயிலையும் கூலண்டையும் சின்னக் குப்பிகளில் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தாலும் உலோகத்தூள் இருந்தாலும் அதில் பிடிபட்டுவிடும். பழைய சர்வீஸ் ரசீதுகள் ஒரு கட்டாக இருந்தால் அந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை. அறுபதாயிரம் மைல் ஓடி, ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய ரசீதோடு ஒரு வண்டி கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

டயரில் திரெட் (தரையில் படும் வரிப்பள்ளம்) முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. 2017-இல் செய்த டயர், அதனால் ஆறையும் மாற்றணும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?
(வாசகர், அட்லாண்டா)

இல்லை, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். மோட்டார் ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயசாகிச் சாகிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்று இருந்தால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. சில டயர்களில் முழு எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு போய்த்தான் படிக்கணும். பக்கத்து வண்டிக்காரர் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று மிஷலின் டயர் கம்பெனி சொல்கிறது. அனுபவமுள்ள பலர் ஏழோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. முன்டயரில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று கொஞ்சம் தாங்கும். முன்னால் அந்த வசதி இல்லை.

புது டயர் போட்டதும் காற்று எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் என்ற லாரி எடைமேடையில் எடை போடுங்கள். 100 கேலன் தண்ணீர் மட்டுமே 830 பவுண்டுக்கு மேல் இருக்கும், வெறும் வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். முடிந்தால் சக்கரம் சக்கரமாக எடை போடும் இடம் தேடுங்கள், ஏனென்றால் சமையலறை ஒரு பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் கனமாக இருக்கும். கனமான பக்கத்துக்கு டயர் கம்பெனியின் அட்டவணையில் என்ன போட்டிருக்கிறதோ அதையே அந்த அச்சின் இரண்டு பக்கமும் அடியுங்கள். காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு.

ஓட்டுபவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இதையும் சொல்லி வையுங்கள்: ஓடும்போது முன்டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து, ஒரு கணம் ஆக்சிலரேட்டரை அழுத்தி, வண்டி நேர்கோட்டுக்கு வந்த பிறகு மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டணும்.

மகன் ஹூஸ்டனில் மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறான். கோடையில் நாங்கள் இருவரும் போகிறோம். வண்டி ஓடும்போது எழுந்து காபி போடலாமா? பாத்ரூம் நாற்றம் வருமா? நம் சமையல் முடியுமா?
(வாசகி, மதுரை)

ஓடும்போது எழுந்திருக்காதீர்கள் அம்மா. அவ்வளவு பெரிய வண்டி திடீரென்று நின்றால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பெல்ட் போட்டு உட்காருங்கள், காபி வேண்டுமென்றால் மகனை ஓய்விடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாத்ரூம் விஷயத்தில் நம் பழக்கம் ரொம்ப நல்லது. மலம் சேரும் பிளாக் டேங்குக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், காகிதம் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் அடைப்பு வருவது அரிது. மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முகாமில் குழாய் இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் தண்ணீர் ஓடிப்போய், கெட்டியானது மட்டும் குழாய்க்குக் கீழே கோபுரமாகக் குவிந்து இறுகிவிடும். மூடி வைத்து, முக்கால் நிறைந்ததும் ஒரே மூச்சில் திறக்கணும். அது காலியான பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் இருக்கும் கிரே டேங்கைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

உண்மையில் நம் வீட்டு வண்டிகளில் நாறுவது கிரே டேங்க்தான். கஞ்சி, எண்ணெய், கறிவேப்பிலை, சோற்றுப் பருக்கை எல்லாம் சிங்க் வழியாக அதில் போய் இரண்டு நாள் வெயிலில் புளித்தால் உள்ளே உட்கார முடியாது. தட்டையும் வாணலியையும் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள், வடித்த கஞ்சியைப் பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். தாளிப்பும் பொரியலும் வெளியே, வண்டிக்குப் பக்கவாட்டில் இருக்கும் பிளக்கில் இன்டக்ஷன் அடுப்பு வைத்துச் செய்தால் கடுகு வெடித்த எண்ணெய் தோல் சோபாவில் படியாது, புகை அலாரமும் அலறாது. மதுரையிலிருந்து மிக்ஸி எடுத்துப் போக வேண்டாம், அங்கே 120 வோல்ட்.

50 ஆம்ப் வண்டியை முகாமில் 30 ஆம்ப் மின் இணைப்பு உள்ள இடத்தில் அடாப்டர் போட்டு மாட்டினால் கெட்டுவிடுமா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

கெடாது, ஆனால் பாதி சக்தி கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் கம்பி இரண்டு வருகிறது, ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப், மொத்தம் 12,000 வாட். 30 ஆம்பில் ஒரே கம்பி, 3,600 வாட். கால்பங்குக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஃபீனிக்ஸ் வெயிலில் ஒரு ஏசியோடு மைக்ரோவேவ் போட்டாலே பிரேக்கர் விழுந்துவிடலாம்.

எனக்கு அதைவிடக் கவலை முகாமில் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பங்களின் நிலைமைதான். எல்லோரும் ஏசி போடும் மதிய நேரத்தில் வோல்டேஜ் சரிந்து கம்ப்ரஸர் வெந்துபோகிறது. 50 ஆம்ப் கம்பத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருந்தால் இன்னும் மோசம், 120-க்குச் செய்த சாமான்களுக்குள் 240 வரை பாயலாம், ஃபிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். திடீர் மின்பாய்ச்சலை மட்டும் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் போதாது, குறைந்த வோல்டேஜையும் அறுந்த நியூட்ரலையும் கண்டு தானே துண்டிக்கும் ஈஎம்எஸ் என்ற கருவியை வாங்குங்கள். கம்பத்துப் பிரேக்கரை அணைத்துவிட்டு அதை மாட்டி, பிரேக்கரைப் போட்டு, அது பச்சை காட்டிய பிறகுதான் வண்டியை இணைக்கணும்.

நியூஜெர்சி குளிரில் நவம்பர் முதல் மார்ச் வரை வண்டியை நிறுத்தி வைக்கிறேன். வாரம் ஒருமுறை என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். போதுமா?
(வாசகர், எடிசன்)

அதை உடனே நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் டீசல் என்ஜின் சூடாகவே ஆகாது, உள்ளே ஈரம் சேர்ந்து ஆயிலில் கலப்பதுதான் மிச்சம். சாலை காய்ந்திருக்கும் ஒரு நாளில் அரைமணி, முக்கால் மணி நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். ஜெனரேட்டர் வேறு கதை. அதை மாதம் ஒருமுறை, ஹீட்டர் போட்டுப் பாதிச் சுமையாவது கொடுத்து, இரண்டு மணி நேரம் ஓடவிடணும். டீசல் டேங்க் கால்பங்குக்குக் கீழே இருந்தால் அது ஓடாமல் நின்றுவிடும், நீங்கள் வழியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று குழாயையே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே ஈரம் படிவதும் குறையும்.

தண்ணீர்க் குழாய்களில் ஊற்றுவது ஆர்வி (மோட்டார் ஹோம் சாமான்) கடையில் விற்கும், குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸாக இருக்கட்டும். கார் கூலண்ட் விஷம், குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. வாஷிங் மெஷின், ஐஸ் மேக்கர், வெளி ஷவர் மூன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள், வசந்தத்தில் சுவருக்குள் ஒழுகுவது அங்கிருந்துதான். லித்தியம் பேட்டரி என்றால் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. அக்வா ஹாட் (டீசலில் வெந்நீரும் வெப்பமும் தரும் கருவி) இருந்தால் அதன் வருடாந்திர நாசில், ஃபில்டர் வேலையை மார்ச்சில் முடித்துவிடுங்கள்.

43 அடி வண்டி ஓட்டச் சாதாரண லைசென்ஸ் போதுமா?
(வாசகர், சான் ஹோசே)

கலிஃபோர்னியாவில் போதாது. 40 அடியைத் தாண்டி 45 அடிக்குள் இருக்கும் மோட்டார் ஹோமுக்கு வணிகம் அல்லாத கிளாஸ் பி வேண்டும். டெக்ஸாஸில் நீளத்தை வைத்து இல்லை, 26,000 பவுண்டைத் தாண்டினால் அவர்களும் கிளாஸ் பி கேட்கிறார்கள். டாலஸ் வாசகரும் இதைக் கவனிக்கவும். உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் ஏர் பிரேக் பாடத்தைப் படித்துவிடுங்கள்.

கிளேசியர் தேசியப் பூங்கா போக ஆசை. பின்னால் ஜீப் கட்டி இழுத்துப் போவது கட்டாயமா?
(வாசகர், சியாட்டில்)

கட்டாயம் இல்லை, ஆனால் அங்கே போவதே கோயிங் டு தி சன் சாலைக்காகத்தான். அதன் மலைப்பகுதியில், அவலாஞ்ச், ரைசிங் சன் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே, 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டியை விடமாட்டார்கள். பெரிய வண்டியை முகாமில் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினால்தான் அந்த அழகைப் பார்க்கலாம்.

நான்கு சக்கரமும் தரையில் ஓட இழுப்பதானால் ஜீப்புக்குத் தனி பிரேக் கருவி வையுங்கள், பல மாநிலங்களில் சட்டம் அது. ஜீப்பைப் பின்னால் கட்டியபடி வண்டியை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, ஜீப்பின் முன்சக்கரம் திரும்பிக்கொண்டு இழுவைக் கம்பியை வளைத்துவிடும். பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டால் நேரம் ஆனாலும் சரி, பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்தாலும் சரி, இறங்கி ஜீப்பைக் கழற்றி, வண்டியைத் திருப்பிய பிறகு மறுபடி பூட்டுங்கள். பூட்டியதும் பின்விளக்கு, இண்டிகேட்டர் இரண்டையும் ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும், அதற்கப்புறம் கிளம்புங்கள்.